அத்தியாயம் 7: ஐப்பசிக்கு வண்டி, சித்திரைக்கு டீசல்

செந்துறை வட்டாரத்தில் 4x4 வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஷோரூமில் 4x4 வண்டியின் கதவைத் திறந்ததுமே இரண்டு எண்கள் காதில் விழும். ஒன்று குதிரைத்திறன். மற்றது, "ஃபுல் டேங்க் போட்டா அறுநூறு கிலோமீட்டர் அடிக்கும் சார்." குன்னம், பொன்பரப்பி, இரும்புலிக்குறிச்சி, வெள்ளாற்றங்கரை என்று சுற்றப்போகிறவருக்கு இந்த இரண்டு எண்ணாலும் பெரிய பயன் இல்லை. முந்திரிக்கொல்லைக்குள் வண்டியை இழுப்பது குதிரைத்திறனைவிட டயரும் கியரும்தான். செந்துறையிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர், விருத்தாசலம் என எந்தத் திசையில் போனாலும் வழியில் பங்க் இருக்கிறது. ஆகவே எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்போமோ என்ற பயமும் இங்கே குறைவு.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒரே விதி. வண்டியின் உடலமைப்பை ஐப்பசி, கார்த்திகை மழையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். எரிபொருள் கணக்கை மீதி மாதங்களை வைத்துப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காய்ந்த தார் ரோட்டில் டெஸ்ட் டிரைவ் போய் உடலமைப்பை முடிவு செய்கிறார்கள். வருடத்தில் சில நாள் போகும் சேற்றுப் பாதையை நினைத்து டேங்க்கின் அளவைப் பார்க்கிறார்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

நம் வட்டாரத்தில் ஒரே நாளில் மூன்று வகைத் தரை குறுக்கிடும்.

முதலாவது செம்மண். முந்திரிக்கொல்லைகள் பெரும்பாலும் இதில்தான். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். சாதாரணப் பின்சக்கர இழுவை வண்டியே பெரும்பாலான நாள் போய் வந்துவிடும். இங்கே சிக்கல் டிராக்டர் தடம். இரண்டு பக்கமும் சக்கரம் அறுத்த பள்ளம், நடுவில் முதுகுபோல் மேடு. அந்த மேட்டில் இடிப்பது, பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்.

இரண்டாவது கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்த மண் ஈரம் பட்டால் உப்பி, பசையாகி, டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. மழை நின்று மேலே காய்ந்த பொருக்கு தெரிந்தாலும், கீழே இரண்டு மூன்று நாள் ஈரம் நிற்கும். புதைபவர்கள் பெரும்பாலும் மழை நாளில் புதைவதில்லை. மழை விட்ட மறுநாள்தான் புதைகிறார்கள்.

மூன்றாவது வெள்ளாற்று மணல். காய்ந்த மணலில் வேகத்தை விட்டால் போச்சு. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

உங்கள் ஓட்டத்தில் இந்த மூன்றில் எது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கரிசலும் மணலும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை என்றால், உங்களுக்கு 4x4 ஆசையாக இருக்கலாம், தேவையாக இருக்க வாய்ப்பு குறைவு.

எந்த அம்சம் எதற்கு

4x4, 4எல்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2020 அக்டோபரில் வந்த புதிய மகிந்திரா தார் 4x4 ஆகவே வந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனைக்கு வந்தது. வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் 2எச், 4எச், 4எல் என்று குறித்த இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். தார் ராக்ஸில் 4x4 வேண்டுமென்றால் டீசல்தான் எடுக்க வேண்டும். 4எல் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை இரண்டு முதல் இரண்டரை மடங்கு கூடும், வேகம் அந்த அளவுக்குக் குறையும். கரிசலில் ஹாஃப் கிளட்ச் போட்டு கிளட்ச் பிளேட்டை எரிக்காமல் காப்பாற்றுவது இதுதான். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் 4எச், 4எல் இரண்டையும் போட வேண்டாம். முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, டயரும் கியர்பெட்டியும் தேயும்.

டிஃபரன்ஷியல் லாக்: 4x4 இருந்தாலும் ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் இழுவை முழுதும் அந்தப் பக்கமே வீணாகும். லாக் இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஃபோர்ஸ் குர்காவில் முன்னும் பின்னும் லாக் உண்டு, ஓட்டுநரே போட்டுக்கொள்ளலாம். தாரில் பின் அச்சுக்குத் தானாகப் பூட்டும் வகை சில மாடல்களில் மட்டும் வரும். ஜிம்னியில் பிரேக்கைப் பயன்படுத்தி, வழுக்கும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் முறை. வழுக்கல் கொஞ்சமாக இருக்கும்வரை அது போதும். முழுச் சேற்றில் லாக்குக்கு ஈடாகாது.

தரை இடைவெளி: கம்பெனி சொல்லும் அளவு குர்காவுக்கு 233 மி.மீ., தாருக்கு 226, ஜிம்னிக்கு 210, பொலிரோவுக்கு 180. இவை பெரும்பாலும் ஆளில்லாத வண்டியில் அளந்தவை. ஐந்து பேரும் இரண்டு மூட்டையும் ஏறினால் ஸ்பிரிங் இறங்கிவிடும். ஆகவே உங்கள் கொல்லைப் பாதையின் நடுமேட்டை ஒரு குச்சியால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் வண்டிக்குக் கீழே குனிந்து, டிஃபரன்ஷியலுக்குக் கீழே அந்தக் குச்சியை நிறுத்திப் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீரில் இறங்கும் ஆழம்: தாருக்கு 650 மி.மீ., குர்காவுக்கு 700 மி.மீ. என்று கம்பெனிகள் சொல்கின்றன. குர்காவில் காற்றுக் குழாய் கூரை வரை உயர்ந்து நிற்கும். இந்த எண் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மட்டுமே. ஓடும் தண்ணீரின் கணக்கு வேறு. ஒரு அடி ஆழம் ஓடினால் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி ஓடினால் பெரிய வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும். கோட்டைக்காட்டுக்கும் சௌந்திரசோழபுரத்துக்கும் இடையே வெள்ளாற்றுத் தரைப்பாலம் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. அந்த மாதிரி நாளில் 650, 700 என்ற எண்களை நம்பி இறங்குவது உயிரோடு விளையாடுவது. சுற்றிப் போனால் செலவாவது இரண்டு மூன்று லிட்டர் டீசல்தான். தேங்கிய நீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, என்ஜினே பாழாகும். சாதாரண இன்சூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கடினம்; என்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆளும் மூட்டையும்: மூன்று கதவுத் தாரில் நான்கு பேர்தான். பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை மடக்க வேண்டும். வீட்டில் முழங்கால் வலிக்கும் அப்பத்தா இருந்தால், அவரையே அழைத்துப்போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அடுத்து பின்கதவு. ஸ்டெப்னி அதில் தொங்குவதால் கனமாக இருக்கும். சரிவில் நிறுத்தினால் கதவு தானே வீசி மூடும் அல்லது திறக்கும். சித்திரை, வைகாசியில் முந்திரி மூட்டை 80 கிலோ கனம். அதைத் தூக்கி வைக்கும் உயரம் இடுப்பளவா, நெஞ்சளவா என்று பாருங்கள். மூட்டைதான் முக்கியம் என்றால் மேலே மூடிய 4x4-ஐவிட திறந்த தொட்டி உள்ள பிக்கப் நல்லது. இசுசு வி-கிராஸ் மாதிரி 4x4 பிக்கப் இரண்டு வேலையையும் செய்யும். ஆனால் நீளம் அதிகம், கொல்லைக்குள் திருப்ப இடம் வேண்டும்.

டேங்க் கணக்கு

வெளியுலகில் டேங்க்கின் அளவு வாழ்வா சாவா என்றிருக்கும் இடங்கள் உண்டு. மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்ற பலகை பிரபலம். ஆஸ்திரேலியாவில் விற்ற டொயோட்டா லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியரில் 180 லிட்டர் பிடிக்கும். நமக்கு அந்த நிலை இல்லை. ஜிம்னியில் 40 லிட்டர், தாரில் 57, பொலிரோவில் 60, குர்காவில் 63.5. எது வாங்கினாலும் அரியலூரைச் சுற்றி வர எரிபொருள் போதும்.

கம்பெனி சொல்லும் மைலேஜை டேங்க்கோடு பெருக்கினால் வருவது காகிதத் தூரம். மேனுவல் கியர் ஜிம்னிக்குச் சான்றளித்த மைலேஜ் 16.94. அதை 40 ஆல் பெருக்கினால் 678 கி.மீ. ஆனால் அந்தச் சோதனை, வண்டியை உருளையின் மேல் நிறுத்தி, அதிகபட்சம் 90 கி.மீ. வேகத்தில், வகுத்த ஒரே கால அட்டவணைப்படி ஓட்டுவது. அங்கே கரிசல் இல்லை, முன்னால் சுண்ணாம்புக்கல் டிப்பர் இல்லை.

உங்கள் தூரத்தை இப்படிக் கணக்கிடுங்கள். முதலில் டேங்க்கின் கடைசி ஐந்து முதல் ஏழு லிட்டரைக் கழித்துவிடுங்கள். சரிவில் சாய்ந்து நிற்கும்போது மிச்சமுள்ள எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். டீசல் வண்டியில் காற்று புகுந்தால் ஆள் வந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

பிறகு ஒரு நாள் ஓட்டத்தைத் தரைவாரியாகப் பிரியுங்கள். எடுத்துக்காட்டாக, தார் ரோடு 60 கி.மீ., மண் பாதை 18 கி.மீ., 4எல் போட்டு 5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டீசல் வண்டி இந்த மூன்றிலும் லிட்டருக்கு 12, 9, 5 கொடுத்தால், செலவு 5 + 2 + 1 = 8 லிட்டர். 83 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் சராசரி 10.4. 57 லிட்டரில் 7 கழித்த 50 லிட்டருக்கு 520 கி.மீ. வரும். பெட்ரோல் வண்டி 14, 10, 6 கொடுத்தால், நாளுக்கு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, சராசரி 12. 40-இல் 5 கழித்த 35 லிட்டருக்கு 420 கி.மீ.

ஆக, பெரிய டேங்க்குக்கும் சிறிய டேங்க்குக்கும் இடையே இருப்பது ஒரு நாள் ஓட்டம்தான். வாரத்தில் ஒருநாள் முன்னதாகப் பங்க்குக்குப் போக வேண்டும், அவ்வளவே. ஆனால் சராசரியில் இருக்கும் இடைவெளி வருடம் முழுக்கத் தொடரும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் முதல் வண்டி சுமார் 1,440 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 1,250. டீசல் விலை லிட்டருக்குக் குறைவு என்பதால் பணத்தில் அந்த இடைவெளி சுருங்கும். அதே ஓட்டத்துக்கு லிட்டருக்கு 14 தரும் பின்சக்கர இழுவை வண்டி என்றால் 1,070 லிட்டர் போதும். 4x4-க்காக நீங்கள் வருடா வருடம் கொடுக்கும் விலை இந்த வித்தியாசம்தான். அதைச் சித்திரை மாதக் காய்ந்த ரோட்டிலும் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

மைலேஜை நீங்களே அளக்கும் முறை

டேஷ்போர்டில் தெரியும் "இன்னும் இத்தனை கி.மீ." என்ற எண்ணை நம்ப வேண்டாம். கடைசியாக ஓட்டிய ஓட்டத்தின் சராசரியை வைத்து அது சொல்கிறது. திருச்சியிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து இறங்கியதும் 300 காட்டும். கொல்லைக்குள் அரைமணி நேரம் 4எல் போட்டதும் மளமளவென்று இறங்கும்.

சரியான வழி டேங்க் டு டேங்க். ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே குழாயில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்குமேல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் அதே இடத்தில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஏறிய லிட்டரால் வகுங்கள். மழைக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு வையுங்கள். ஏசி போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே என்ஜினை ஓட விட்டாலும் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். கொல்லை வேலை நடக்கும்போது வண்டிக்குள் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயர் மாட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டயர் விட்டம் 5 விழுக்காடு கூடினால், வண்டி 105 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். வகுத்த விடையை 1.05 ஆல் பெருக்கிய பிறகுதான் மைலேஜ் விழுந்ததா இல்லையா என்று பேச வேண்டும்.

மைலேஜைத் தின்னும் உள்ளூர்க் காரணங்கள்

தூசி: ஆலத்தியூர், தளவாய் பக்கம் சிமென்ட் ஆலைக்குப் போகும் டிப்பர் பாதையில் தினமும் ஓட்டுகிறீர்களா? சுண்ணாம்புத் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திராமல், மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

டயர்: ஆல் டெரைன் டயர் இந்த வட்டாரத்துக்கு நடுநிலையான தேர்வு. ஆழப் பள்ளம் உள்ள மட் டயர் கரிசலில் தன் பள்ளத்தைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் தார் ரோட்டில் இரையும், எரிபொருளையும் கூடத் தின்னும். காற்றழுத்தம் தார் ரோட்டில் கம்பெனி சொன்னபடி. சேற்றில் 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு, மணலில் 15–18 வரை இறக்கலாம். திரும்பத் தார் ரோடு ஏறுமுன் காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரசர் கையில் இல்லாவிட்டால், இறக்கவே வேண்டாம். சீமைக்கருவேல முள் டயரின் அடியில் ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டில் ஏறினால் ஒட்ட முடியாது. முழு அளவு ஸ்டெப்னி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கேரியரும் கம்பியும்: கூரைக் கேரியர் காற்றை எதிர்த்து நின்று நெடுஞ்சாலை மைலேஜைக் குறைக்கும். தேவையில்லாத மாதத்தில் கழற்றி வையுங்கள். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. எடைக்கு எடை, அபராதத்துக்கு அபராதம்.

பெட்ரோல்: இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய விளம்பரத்தில் பார்த்த எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

டீசல் புகை வடிகட்டி: பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைத்து, சூடேற்றி எரிக்கும் வடிகட்டி உண்டு. வீட்டுக்கும் கொல்லைக்கும் மட்டும் மெதுவாக ஓட்டினால் அது அடைபடும், விளக்கு எரியும். வாரத்தில் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். தினசரி ஓட்டம் மிகக் குறைவு என்றால் பெட்ரோலே மேல். சில டீசல் மாடல்களுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

அந்த வடிகட்டி சூடேறும் நேரத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சித்திரையில் முந்திரி மரத்தடியில் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். அதன்மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தினால் கொல்லையே பற்றிக்கொள்ளலாம். சருகு இல்லாத வெறும் தரையில் நிறுத்துங்கள். வீடு திரும்பியதும் அடியில் சிக்கிய சருகை எடுத்துவிடுங்கள்.

வண்டி போகும், ஆனால் போகக் கூடாது

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்காநத்தம் பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கும் மேடு பள்ளங்கள் 4x4 ஓட்டுபவர் கண்ணுக்கு மைதானம் போலத் தெரியும். டைனோசர் காலத்துக் கடலின் அடித்தரை அது. அம்மோனைட், சிப்பிப் புதைபடிவங்கள் அந்த மண்ணின் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. ஒரு சக்கரம் ஏறினால் பத்துக் கோடி வருடத்துப் பொருள் தூளாகும். இருக்கிற பாதையோரம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பச்சைமலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி இறக்குவது குற்றம். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியர் பிடித்து இறங்குங்கள்.

புதைந்துவிட்டால் நம் ஊரில் மீட்பு வண்டி டிராக்டர்தான். கிணற்று நைலான் கயிறும் பம்பரும் ஆபத்தான கூட்டணி. இழுக்கும் பட்டை ஒன்றை வண்டியில் வைத்து, சேஸிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். "அண்ணே, மெதுவா எடுங்க" என்று சொன்ன பிறகு, எல்லோரும் பட்டையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள்.

முடிவெடுக்கும் வழி

பெரும்பாலும் செம்மண் கொல்லை, மூட்டை, குடும்பம் என்றால்: பொலிரோ வகைப் பின்சக்கர இழுவை வண்டியும் நல்ல டயரும் போதும். மிச்சமாகும் பணத்தில் மழை நாளில் டிராக்டர் வாடகை கொடுக்கலாம்.

இரண்டு, மூன்று பேர், குறுகிய பாதை, தினசரி ஓட்டம் குறைவு என்றால்: ஜிம்னி மாதிரி எடை குறைந்த பெட்ரோல் 4x4. கரிசலில் எடை குறைவே பாதி பலம்.

கரிசல், ஆற்றோரம், தினமும் நீண்ட ஓட்டம் என்றால்: லாக் உள்ள டீசல் 4x4.

டெஸ்ட் டிரைவ் அன்று கையில் இருக்க வேண்டியவை: பாதையின் நடுமேட்டை அளந்த குச்சி, வீட்டில் வயதான ஒருவர், தரைவாரியாக எழுதிய தூரக் கணக்கு. கேட்க வேண்டியவை: 4எல் உண்டா, லாக் எந்த மாடலில், காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில், ஸ்டெப்னி முழு அளவா, யூரியா கரைசல் வேண்டுமா, பக்கத்துச் சர்வீஸ் அரியலூரிலா திருச்சியிலா. கடைசிக் கேள்விக்கான பதில் திருச்சி என்றால், ஒவ்வொரு சர்வீஸுக்கும் போய் வரும் எரிபொருளையும் வருடக் கணக்கில் சேர்த்துவிட்டு, அதன்பிறகு முன்பணம் கொடுங்கள்.